சாரணியர் சேவைத் திட்டம்: "ஏன் போன வாரம் வரலை?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் சாரணியர் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: "இந்த வருஷம் சேவைத் திட்டம் ஒன்று செய்து காட்டச் சொல்கிறார்கள். மூத்த டீச்சர் ஒருவர், மணிக்கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தால் போதும் என்கிறார். இன்னொருவர், பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார். மூன்றாமவர், சேவை என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் ஓடிப்போவார்கள், முகாமும் விளையாட்டும் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? எங்கிருந்து தொடங்குவது?"

அந்த மூன்று டீச்சர்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பொறுப்பில் இருந்த பத்தொன்பது வருஷத்தில் மூன்று பேராகவும் நானே இருந்திருக்கிறேன். மூன்றும் சரிதான் என்று மழுப்பப் போவதில்லை. இரண்டாவது டீச்சர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

மணிக்கணக்கிலிருந்து வருகிறேன், நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவள் நான். வருஷத்துக்கு 120 மணி, இரண்டு வருஷத்தில் 240 மணி, நடுவில் ஏழு நாள் முகாம். அந்தப் பழக்கத்தோடு வந்ததால் சாரணியர் பிள்ளைகளுக்கும் ஒரு நீள நோட்டுப் போட்டேன். தேதி, வேலை, நேரம், கையெழுத்து. இது நம்மூர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் ஜூலியட் கார்டன் லோ 1912இல் சவானா நகரத்தில் 18 பெண்களை வைத்துத் தொடங்கிய கேர்ள் ஸ்கௌட்ஸ் அமைப்பிலும் வெண்கல விருதுக்கு 20 மணி, வெள்ளிக்கு 50, தங்கத்துக்கு 80 என்று வழிகாட்டி அளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு நல்ல பிரிவினையும் உண்டு. உணவுப் பொட்டலம் கொடுப்பது, ஒருநாள் குப்பை பொறுக்குவது போன்றவை ஒரு வகை. அந்தக் குறை ஏன் வந்தது என்று தேடி, பிள்ளைகள் விலகிய பிறகும் நிற்கிற மாதிரி எதையாவது செய்வது இன்னொரு வகை. பெரிய விருதுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும்.

மணிக்கணக்கைக் கேலி செய்ய மாட்டேன். இராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில விருது, குடியரசுத் தலைவர் விருது என்று போகும் பிள்ளைக்குப் பதிவேடு வேண்டும். ரயில்வே வேலைக்குச் சாரண சாரணியருக்கென்று தனி ஒதுக்கீடு இருப்பதைச் சில அப்பாக்கள் நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதற்காக மகளை அனுப்பினாலும் தப்பில்லை, அனுப்புகிறாரே. தப்பு எங்கே வருகிறது என்றால், நோட்டில் நேரம் ஏறினால் போதும் என்று ஆனபின் எந்த வேலையையும் சேவை என்று எழுதிவிடலாம்.

எனக்கு அது புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் ஒரு பெரிய விழா. "உங்க சாரணியர் பிள்ளைகள் இருபது பேரை அனுப்புங்க டீச்சர்" என்றார்கள். பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் இரண்டு வரிசையாக நிற்க வைத்து ஒருத்தி கையில் பன்னீர்ச் செம்பு, ஒருத்தி கையில் சந்தனக் கிண்ணம், ஒருத்தியிடம் கல்கண்டுத் தட்டு. விருந்தினர் வருவது பத்து மணிக்கு என்றார்கள், வந்தது ஒன்றரைக்கு. பங்குனி வெயில். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. அன்று சாயங்காலம் அந்த நோட்டில் "சேவை, 4 மணி" என்று என் கையால் எழுதினேன். எழுதும்போதே கை கூசியது. அதே விழாவில் பையன்களைப் போக்குவரத்தைச் சரிசெய்ய அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கையில் விசில், எங்கள் பிள்ளைகள் கையில் தட்டு.

இதை நீங்கள் முதல் மாதத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வரவேற்பு, கோலம், பந்தி பரிமாறுவது, மேடைக்குப் பொன்னாடை எடுத்துக் கொடுப்பது எதுவும் சேவைத் திட்டம் ஆகாது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் போகட்டும், பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு போக ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு, அதில் குற்றமில்லை. நோட்டில் ஏறக் கூடாது, அவ்வளவுதான். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைக்காமலே பெண்பிள்ளைகள் வந்து நின்றதால்தான் அடுத்த வருஷம் அவர்களுக்கென்று ஓர் இயக்கம் தொடங்கியது. இந்தியாவிலும் 1911லேயே ஜபல்பூரில் முதல் சாரணியர் குழு வந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் தானாகக் கிளம்பி வந்தவர்களின் பேத்திகளை நாம் தட்டோடு நிறுத்தி வைத்தால் எப்படி? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் குன்றக்குடி வழியாகப் போகும்போது தண்ணீர்ப் பந்தல் வைத்தால், எங்கள் குழுவில் பெண்கள் சாலையில் நின்று கூட்டத்தை ஒழுங்கு செய்வார்கள், எலுமிச்சம்பழம் பிழிய இரண்டு பையன்களைக் கேட்டு வாங்கிக்கொள்வோம். முதல் வருஷம் முணுமுணுத்தார்கள். இப்போது பழகிவிட்டது.

அடுத்து, பிள்ளைகள் மனதில் "சேவை" என்றால் என்ன படம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் அந்தப் படம் கொஞ்சம் விசேஷமானது. இது அள்ளிக் கொடுத்தவர்கள் ஊர். சத்திரம், பாடசாலை, ஊருணி என்று எதைத் தொட்டாலும் யாராவது கட்டி வைத்தது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த கதையைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள். அதனால் ஒரு கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுந்து, "நம்மகிட்டதான் காசே இல்லையே டீச்சர், அப்புறம் எப்படிச் சேவை பண்றது?" என்று கேட்டது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா கொத்து வேலைக்குப் போகிறவர். சேவை என்றால் வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பது என்ற கணக்கில், அந்தப் பிள்ளை எப்போதும் வாங்கும் பக்கம்தான். கொடுக்கும் பக்கம் அவளும் நிற்க முடியும் என்று காட்டினால் சாரணியர் இயக்கம் இந்த ஊருக்கு வந்ததற்கு அர்த்தம் உண்டு.

சரி, மரக்கன்றுக் கதைக்கு வருகிறேன். எல்லாரும் முதலில் செய்வது அதுதான். நீங்களும் செய்வீர்கள், அதனால் சொல்கிறேன். வன மகோத்சவம் ஜூலை முதல் வாரம். கே. எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது 1950இல் தொடங்கி வைத்தது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஊர்களுக்கு அது சரியான காலம். நமக்கு நம்பி இருக்கும் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனி ஆடிக் காற்றில், செம்பாறை மண்ணில், பள்ளிக்கூடத்துக்கும் கண்மாய்க்கும் நடுவில் நூறு கன்று நட்டோம். படம் நன்றாக வந்தது. ஆடு தின்றது போக, காய்ந்தது போக, தைப் பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது பதினொன்று இருந்தது. அதிலும் மூன்று, தானாக முளைத்த சீமைக் கருவேலம் என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தது.

அடுத்த முறை பிள்ளைகள் வேறு மாதிரி செய்தார்கள். அந்த யோசனை என்னுடையது இல்லை, ஓர் அணித் தலைவியுடையது. தீபாவளி விடுமுறையில் தெருத் தெருவாகப் போய், "உங்க வாசல்ல மரம் வேணுமா? வேணும்னா என்ன மரம்? தண்ணி யார் ஊத்துவா?" என்று கேட்டார்கள். மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொன்ன வீட்டுக்கு மட்டும் கன்று. மொத்தம் பதினான்கு வீடுதான் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நூறு என்று எழுதிய இடத்தில் பதினான்கு என்று எழுத வேண்டுமே. ஆனால் அந்தப் பதினான்கில் பன்னிரண்டு இன்றும் நிற்கிறது. கறிவேப்பிலை கேட்ட ஆச்சி ஒருவர், அடுத்த வாரம் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதபோது பள்ளிக்கே ஆள் சொல்லி அனுப்பினார்: "கன்னு நட்ட புள்ளைக ஏன் போன வாரம் வரலை? இலை சுருண்டிருக்கு."

இரண்டாவது டீச்சர் சொல்லாமல் விட்டது இதுதான். பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும், சரி. ஆனால் அந்த வேலை நின்றுபோனால் "ஏன் வரலை?" என்று கேட்க ஓர் ஆளாவது இருக்க வேண்டும். கேட்க ஆள் இல்லாத வேலையைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தாலும் அது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் வீட்டுப்பாடம். நான் அளப்பது இந்த ஒன்றை வைத்துத்தான்.

ஊருணிக்கு வந்தால் இந்த அளவுகோல் கொஞ்சம் சிக்கலாகும், ஆனால் அங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். நம் ஊர்களில் பெரிய வீட்டு ஓட்டில் விழும் மழை வளவு என்கிற உள்முற்றத்தில் இறங்கி, தெரு வாய்க்காலுக்குப் போய், வரத்துக்கால் வழியாக ஊருணியில் சேரும்படி அந்தக் காலத்தில் வாட்டம் பார்த்து ஊரையே அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஊருணிக் கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவோம், அடுத்த வாரம் அதே அளவு கிடக்கும். ஒரு தடவை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், "இந்தத் தடவை பொறுக்க மாட்டோம் டீச்சர், மழை பெய்யும்போது போய்ப் பார்க்கிறோம்" என்றார்கள். ஐப்பசியில் ஒருநாள் குடையோடு நாலு அணியும் நாலு தெருவில் நடந்தது. தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று நோட்டில் கோடு போட்டார்கள். ஊருணிக்கு இருநூறு அடி முன்னால் ஒரு சின்னப் பாலம். யாரோ வீடு இடித்த கட்டடக் கழிவை அதன் வாயில் கொட்டியிருந்தார்கள். மழைத்தண்ணீர் முழுக்க அங்கே திரும்பி, தார்ச்சாலையில் வழிந்து, ஒருவருக்கும் உதவாமல் போனது.

அதைப் பிள்ளைகளே அள்ளிவிடலாம் என்று ஒரு கட்சி. நான் மறுத்தேன். உள்ளே பாம்பு இருக்கும், உடைந்த கண்ணாடி இருக்கும். அதோடு, அது ஊராட்சி செய்ய வேண்டிய வேலை. பிள்ளைகள் வரைபடத்தைச் சுத்தமாக எழுதி, மனுவோடு கிராம சபைக்கு எடுத்துப் போனார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாங்கள் போனது நவம்பர் 1க்கு. சபையில் பேசும் உரிமை வாக்காளருக்குத்தான் என்பதால் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களைப் பேச வைத்தார்கள். அம்மாக்களில் நாலு பேர் அதுவரை கிராம சபைப் பக்கமே போனதில்லை. தீர்மானம் எழுதினார்கள். எதுவும் நடக்கவில்லை. ஜனவரியில் மறுபடி போனார்கள், நடக்கவில்லை. மூன்றாம் தடவை, மார்ச் 22க்கு, பிள்ளைகள் பரீட்சையில் இருந்ததால் அம்மாக்கள் மட்டும் போனார்கள். ஒரு ஜேசிபி வந்தது. அரைமணி நேர வேலை.

இதை நோட்டில் எத்தனை மணி என்று எழுதுவது? நடந்தது ஒரு மழைநாள், எழுதியது ஒரு ஞாயிறு, காத்திருந்தது ஐந்து மாதம். விருதுக்குப் பார்க்க வந்த ஒருவர், "இதில் பிள்ளைகள் கையால் செய்த வேலை என்ன?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் ஓர் அம்மாவைப் பேசச் சொன்னேன். (உங்கள் ஊர் பேரூராட்சியாக இருந்தால் கிராம சபை கிடையாது, செயல் அலுவலரையும் வார்டு உறுப்பினரையும் பார்க்க வேண்டும். கோயில் குளம் என்றால் கோயில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு துரும்பைக்கூட எடுக்காதீர்கள்.)

தனியாக இருக்கும் பெரியவர்கள் விஷயத்தில் உங்களை எச்சரிக்க வேண்டும். நம் பக்கத்தில் பத்துக்கட்டு வீட்டில் ஓர் ஆச்சியும் ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும் இருப்பது சாதாரணம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் வாரம் ஒருமுறை போய் மாத்திரை அட்டையில் காலை, இரவு என்று எழுதி ஒட்டுவது, வாட்ஸ்அப்பில் பேரனைக் கூப்பிட்டுக் கொடுப்பது என்று செய்தார்கள். "ஏன் வரலை?" என்று முதல் வாரமே கேட்டார்கள், அந்த அளவில் வெற்றிதான். பிறகு ஒருநாள் மோதிரம் ஒன்றைக் காணவில்லை. யாரும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைகள் மேல் பார்வை விழுந்தது. ஒரு பிள்ளையின் அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றார், "எம் புள்ள திருடியாம்மா?" என்று. ஐந்து நாள் கழித்து மோதிரம் மஞ்சள்தூள் டப்பாவில் கிடைத்தது. ஆச்சி அழுதுவிட்டார். ஆனால் அந்தப் பிள்ளை திரும்பிக் குழுவுக்கு வரவில்லை. அது என் தப்பு. அன்றிலிருந்து திண்ணை, முகப்போடு சரி. வளவுக்குள்ளும் இரண்டாங்கட்டுக்கும் போகக் கூடாது. இரண்டு பிள்ளை, கூட ஒரு பெரியவர், அந்த வீட்டுப் பெரியவரின் மகனோ மகளோ முன்கூட்டியே போனில் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது டீச்சரை விட்டுவிட்டேனே. விளையாட்டும் முகாமும் போதும் என்பவர். அவரைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். வீட்டில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் தேய்த்து, தம்பியைப் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளையிடம் இங்கேயும் துடைப்பத்தைக் கொடுத்தால் அதற்குப் பெயர் சேவையா என்பதுதான் அவர் கேட்பது. நம் பிள்ளைகள் பலருக்குச் சாரணியர் கூட்டம்தான் வாரத்தில் தங்களுக்கென்று கிடைக்கும் ஒரு மணி நேரம். அதனால் சாரணியருக்கு முந்தைய சின்னப் பிள்ளைகள் பிரிவான நீலப்பறவையர் வயதில், பத்து வயது வரை, நான் திட்டம் என்று எதுவுமே வைப்பதில்லை. தினம் ஒரு நற்செயல், அவ்வளவு போதும். சாரணியரிலும் வருஷத்துக்கு ஒரே ஒரு திட்டம். மீதி நாள் முடிச்சும் பாட்டும் கூடாரமும்தான்.

நடைமுறை விஷயம் சிலவற்றை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வைக்காதீர்கள். மாதவிலக்கு நாளில் ஒரு பிள்ளை வராவிட்டால் காரணம் கேட்காதீர்கள், வருகைப் பதிவில் கோடு போடாதீர்கள். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதை வைத்துத்தான் நேரம் முடிவாகும், உங்கள் திட்டத்தை வைத்து அல்ல. ஊருணி, கண்மாய் எதுவானாலும் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தாலும். குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். படம் எடுத்தால், உதவி வாங்குகிறவர் முகம் அதில் வேண்டாம்.

பணம் விஷயத்தில் அமெரிக்காவைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அங்கே 1917இல் ஓக்லஹோமாவில் மஸ்கோகி என்ற ஊரில் ஒரு குழு பிஸ்கட் சுட்டு விற்கத் தொடங்கி, இன்று அது பெரிய ஏற்பாடு. நம் ஊரில் பலகாரத்துக்குப் பஞ்சமா என்று நானும் ஒரு தடவை பிள்ளைகளை வைத்து மனகோலம் விற்றேன். லாபம் 640 ரூபாய். அதற்குக் கணக்குக் கேட்டு வந்த கடிதங்கள் மூன்று. காசில்லாமல் நடக்கும் திட்டமாகப் பாருங்கள். மீறிச் செலவானால் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கேளுங்கள். சொந்தக் கைக்காசைப் போடாதீர்கள், ஒருமுறை போட்டால் அது வழக்கமாகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்றீர்கள். அடுத்த கூட்டத்தில் திட்டம் எதையும் அறிவிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு, பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் யார் எதற்குச் சிரமப்படுகிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் நிற்கும் பாட்டி, பூட்டியே கிடக்கும் நூலகம், விளக்கு எரியாத முக்கு, எதுவானாலும் சரி. யாரிடம் பேசினாய், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். பிறகு அணி அணியாக உட்கார்ந்து அவர்களே படித்துப் பார்த்து ஒன்றை எடுக்கட்டும். அந்த நோட்டை நீங்கள் முதலில் வாங்கித் திருத்தாதீர்கள். சிவப்பு மை பட்டால் அடுத்த வாரம் எல்லா நோட்டிலும் மரக்கன்று என்றுதான் எழுதியிருக்கும்.